வளருவார் என எவரும் எண்ணாத பிள்ளைகள்

2008ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இரு கண்டுபிடிப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசின் ஒரு பாதி ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசனுக்குச் சென்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தோற்றுவிப்பவை பப்பிலோமா எனப்படும் வைரசு வகைகளே என்பதை நிலைநாட்டியவர் அவர். மறு பாதியைப் பிரெஞ்சு ஆய்வாளர்களான பிரான்சுவாஸ் பரே சினூசியும் லூக் மொன்ரக்னியேயும் பெற்றனர். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசை 1983ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் அவர்கள். இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒரே மேடையில் ஏறியது தற்செயலாக இருத்தல் கூடும். ஆயின், அம்மேடைக்கு வெகு தொலைவிலே, ஆபிரிக்காவின் தென்கோடியில் வாழ்ந்த பல்லாயிரம் ஏழைப் பெண்களின் உடல்களில் அவ்விரு வைரசுகளும் அதற்கு முன்னரே சந்தித்துவிட்டன.

அச்சந்திப்பின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். தாயின் கருவறையிலோ, பிறக்கும்போதோ, தாய்ப்பாலின் வழியாகவோ எச்.ஐ.வி. தொற்றைப் பெற்றுப் பிறந்து, பிழைத்து, வளர்ந்து, இன்று வாலிபப் பருவத்தில் நிற்கும் தென்னாபிரிக்க இளைஞர்களைப் பற்றியது அது. அவர்களுக்கு உரிய தடுப்பூசியும் பாலியல் நோய்ப் பரிசோதனையும் ஏன் காலந்தாழ்ந்தே எட்டின, பலருக்கு ஏன் எட்டாமலே போயின என்பது நம் கேள்வி. இதனை வைத்தியர்களின் கேள்வியாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுள் எவரை வளரப்போகின்றவராகக் கருதுகின்றது, எவரைச் சாகப்போகின்றவராகக் கருதுகின்றது என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருக்கின்றது.

மண்ணும் சுரங்கமும்

நோய்கள் வானிலிருந்து வீழ்வன அல்ல. தென்னாபிரிக்காவில் பாலியல் நோய்கள் பரவிய வரலாற்றை ஆராயப் புகுவோர் நிலத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு 7 பங்களவையே விட்டுவைத்தது. 1936ஆம் ஆண்டில் இது ஏறத்தாழ 13 பங்காக உயர்த்தப்பட்டது. உழுதுண்ண நிலமற்ற ஆடவர் பொன் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அங்கு அவர்கள் மனைவி மக்களை உடன் வைத்திருக்க இடமளிக்கப்படவில்லை. ஆண்கள் மட்டும் தங்கும் நெருக்கமான விடுதிகளில் மாதக்கணக்காகக் கிடந்து, ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பினர். சுரங்க முதலாளிக்கு வேண்டியிருந்தது தொழிலாளியின் கரங்கள் மாத்திரமே. அவனுடைய குடும்பத்தைப் பேணும் செலவு ஊரிலே தனித்து விடப்பட்ட பெண்ணின் தலையில் சுமத்தப்பட்டது.

இவ்வமைப்பு உடல்நலத்துக்கு என்ன செய்தது என்பதை அக்காலத்திலேயே ஒருவர் எடுத்துரைத்தார். நேட்டால் மாகாணத்தின் பொலேலா என்னும் கிராமப் பகுதியில் 1940ஆம் ஆண்டில் சிட்னி கார்க் என்னும் இளம் வைத்தியர், தம் மனைவி எமிலி கார்க்குடன் இணைந்து சுகாதார நிலையமொன்றை நிறுவினார். நோயாளி வரும்வரை காத்திராது வீடு வீடாகச் சென்று, மக்கள் எதை உண்கின்றனர், எங்கு உழைக்கின்றனர், எவர் வீட்டில் இல்லை என்றெல்லாம் அறிந்து வைத்தியம் செய்த நிலையம் அது. 1949ஆம் ஆண்டில் கார்க் தென்னாபிரிக்க மருத்துவ ஏடொன்றில் சிபிலிசு என்னும் மேகநோயைப் பற்றி எழுதிய கட்டுரை, அந்நோயின் வேரை இடம்பெயர் கூலிமுறையில் கண்டது. குடும்பத்தைப் பிரிக்கும் பொருளாதாரம் நீடிக்கும்வரை மருந்து மட்டும் போதாது என்பதே அதன் சாரம். அதற்கு முந்திய ஆண்டிலேதான் நிறவெறி அரசு பதவிக்கு வந்திருந்தது. கார்க்கின் எச்சரிக்கையைக் கேட்கும் செவி அவ்வரசுக்கு இருக்கவில்லை. சிபிலிசு சென்ற அதே பாதையில் நாற்பது ஆண்டுகளின் பின் எச்.ஐ.வி. சென்றது.

தாமதத்தின் விலை

1990ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க அரசாங்க நிலையங்களுக்கு வந்த கர்ப்பிணிப் பெண்களுள் எச்.ஐ.வி. தொற்றுடையோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. 2000ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 24ஐக் கடந்திருந்தது. பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. நிறவெறி ஆட்சி வீழ்ந்து, மக்கள் தம் வாக்கினால் அரசமைத்த அதே பத்தாண்டு இது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு விடுதலையின் பிறப்பும் ஒரு கொள்ளைநோயின் வளர்ச்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் செல்வதைத் தடுக்க விஞ்ஞானம் அதற்குள் வழி கண்டிருந்தது. ஏ.இசெட்.ரீ. என்னும் மருந்தைத் தாய்க்கும் சேய்க்கும் கொடுத்தால் தொற்று மூன்றில் இரண்டு பங்களவு குறையும் என்பதை அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வு 1994ஆம் ஆண்டில் காட்டியது. அது செலவு மிக்க முறை. பின்னர் 1999ஆம் ஆண்டில் உகண்டாவில் நடந்த ஆய்வு ஏழை நாடுகளுக்கும் ஏற்ற எளிய வழியொன்றைக் காட்டியது. நெவிராப்பின் என்னும் மருந்தில் தாய்க்கு ஒரு வேளை, பிறந்த சிசுவுக்கு ஒரு வேளை கொடுத்தாலே தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2000ஆம் ஆண்டில் அம்மருந்தைச் செய்யும் கம்பனி அதனை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகவே தர முன்வந்தது.

அதே 2000ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டேர்பன் நகரில் சர்வதேச எயிட்ஸ் மாநாடு கூடியது. தொடக்க விழாவிலே, அளவுக்கு மீறிப் பெரியதாய்த் தெரிந்த மேற்சட்டையுடன் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறினான். அவன் பெயர் நிகோசி ஜோன்சன். 1989ஆம் ஆண்டில் தொற்றுடன் பிறந்தவன். 1997ஆம் ஆண்டில் ஜொகன்னஸ்பேக்கில் ஆரம்பப் பாடசாலையொன்றில் அவனைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. தொற்றுடைய பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்குதல் ஆகாது என்னும் தேசியக் கொள்கை 1999ஆம் ஆண்டில் வெளிவருவதற்கு அவ்வழக்காறும் ஒரு தூண்டுகோல். கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசாங்கம் மருந்து கொடுத்தல் வேண்டும் என்று அச்சிறுவன் உலகத்தார் முன்னிலையில் கேட்டான். பதினொரு மாதங்களின் பின், 2001ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி, பன்னிரண்டு வயதில் அவன் இறந்தான்.

அரசாங்கமோ அசையவில்லை. எயிட்ஸுக்கு எச்.ஐ.வி.யே காரணமா என்று ஐயுறும் ஒரு சிலரின் வாதங்களுக்கு ஜனாதிபதி தாபோ எம்பெக்கி செவிசாய்த்தார். சுகாதார அமைச்சர் பூண்டையும் பீற்றூட்டையும் பரிந்துரைத்தார். நெவிராப்பின் மாகாணத்துக்கு இரண்டு சோதனை நிலையங்களில் மட்டுமே வழங்கப்படும் என விதிக்கப்பட்டது. இதனை எதிர்த்து வழக்காடியது சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம். 1998ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, மனித உரிமைத் தினத்தன்று, சாக்கி அச்மட் முதலியோரால் கேப்டவுனில் தொடங்கப்பட்ட இயக்கம் அது. அதன் அணிகளை நிறைத்தவர்கள் பெரும்பாலும் நகரச் சேரிகளின் ஏழைப் பெண்களே. 2002ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வியக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றின் வாயிலில் அன்று ஆடிப்பாடிய பெண்களுள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தோரும் இருந்தனர்.

இத்தாமதத்தின் விலை பின்னர் கணக்கிடப்பட்டது. 2000 முதல் 2005 வரை மருந்து உரிய வேளையில் வழங்கப்படாமையால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என்றும், தடுத்திருக்கக்கூடிய தொற்றுடன் 35,000 சிசுக்கள் பிறந்தன என்றும் ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். இந்த 35,000 என்னும் எண்ணை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நம் கட்டுரை இனி இவர்களையும், இவர்களுக்குச் சற்று முன்னர் பிறந்த இவர்தம் தமையன் தமக்கையரையும் பற்றியது.

பிழைத்தவர் வளர்ந்தனர்

தொற்றுடன் பிறக்கும் சிசுக்களுக்குச் சிகிச்சை கிட்டாவிடின் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவர். இதனால் அக்காலத்துத் தாதியரும் வைத்தியரும் இப்பிள்ளைகளை அன்போடு பராமரித்தனரேயன்றி, அவர்களின் எதிர்காலத்தைத் திட்டமிடவில்லை. நாளை இல்லாத பிள்ளைக்கு நாளைக்கான ஊசி எதற்கு?

2004ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்க வைத்தியசாலைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை கிடைக்கலாயிற்று. பிறந்த சில வாரங்களிலேயே சிகிச்சையைத் தொடங்கினால் சிசு மரணம் நான்கில் மூன்று பங்களவு குறையும் என்பதைத் தென்னாபிரிக்காவிலேயே நடந்த ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது. கல்லறைக்கெனக் குறிக்கப்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றனர். பத்து வயதாயினர், பதினைந்தாயினர். மீசை அரும்பிற்று, பூப்பெய்தினர், காதலித்தனர். இயல்பான வாழ்வு எதுவோ அது அவர்களுக்கும் வந்தது.

ஆனால் அவர்களைச் சூழ்ந்திருந்தோர் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. பல வீடுகளில் தாய் தந்தையர் இறந்துவிட்டனர். பாட்டிமாரே பிள்ளைகளை வளர்த்தனர். தினந்தோறும் விழுங்கும் மாத்திரை எதற்கென்று கேட்ட பேரப்பிள்ளைக்கு, நெஞ்சுச் சளிக்கென்றும் இரத்தம் ஊறுவதற்கென்றும் விடை கூறப்பட்டது. உண்மையைச் சொன்னால் பிள்ளை ஊரிலே வாய்திறந்துவிடும் என்னும் அச்சம் ஒருபுறம், அதன் தாயைப் பற்றிப் பேசநேரும் வேதனை மறுபுறம். 2005ஆம் ஆண்டில் நெல்சன் மண்டேலா தம் மகன் எயிட்ஸினால் இறந்தான் என்பதைப் பகிரங்கமாகக் கூறியது ஒரு செயற்கரிய செயலாக மதிக்கப்பட்டதென்றால், எழுத்தறியாத ஒரு பாட்டியின் மௌனத்தை நாம் எங்ஙனம் குறை கூறுவது?

தன் நோயின் பெயரையே அறியாத பிள்ளையிடம் எவரும் பாலியல் உடல்நலம் பற்றிப் பேசப்போவதில்லை. சிறுவர் விடுதியின் வைத்தியர் அவனை இன்னும் சிறுவனாகவே கண்டார். முதியோர் பிரிவின் வைத்தியரோ, வளர்ந்தபின் தொற்றைப் பெற்றோரைக் கண்டு பழகியவர். இவ்விரு வாயில்களுக்கும் இடையேயுள்ள முற்றத்திலே இவ்விளைஞர் நின்றனர்.

பெண்ணை மறந்த வைத்தியம்

இனி இரண்டாவது வைரசுக்கு வருவோம். பப்பிலோமா வைரசுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்குக்குக் காரணமானவை. பாலுறவில் ஈடுபடுவோருள் மிகப் பெரும்பாலோரை இவ்வைரசு என்றேனும் ஒருமுறை தொட்டே செல்லும். ஆரோக்கியமான உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனை வென்றுவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தி நலிந்திருப்பின் வைரசு தங்கிவிடும். தங்கிய இடத்தில் உயிரணுக்கள் மெல்ல மெல்லத் திரிபடைந்து, பல ஆண்டுகளின் பின் புற்றாகும். எச்.ஐ.வி. நலிவிப்பது இவ்வெதிர்ப்புச் சக்தியையே. எனவேதான் எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏற்படும் அபாயம் ஏனையோரிலும் ஆறு மடங்கு என்று 2021ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறுகின்றது. தென்னாபிரிக்காவில் இந்நோய் காணும் பெண்கள் நூற்றுவரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுடையோர் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. ஆடவரும் இதற்குத் தப்பியவர் அல்லர். குதம், தொண்டை, ஆண்குறி ஆகியவற்றில் தோன்றும் சில புற்றுநோய்களுக்கும் இவ்வைரசே காரணம்.

இத்தொடர்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எயிட்ஸ் ஆடவரின் நோய் என்னும் எண்ணமே தொடக்கத்தில் மேலோங்கியிருந்தமை அதற்கு ஒரு காரணம். அமெரிக்க அரசின் எயிட்ஸ் வரைவிலக்கணத்தில் ஆடவரிடம் கண்ட நோய்களே பெரும்பாலும் இடம்பெற்றன. அவ்வரைவிலக்கணத்துள் அடங்காத பெண்களுக்கு உதவிப் பணமும் மறுக்கப்பட்டது. நியூயோர்க் நகரில் வறியோருக்குச் சட்ட உதவி வழங்கிய தெரேசா மக்கவர்ன் என்னும் வழக்கறிஞர் 1990ஆம் ஆண்டில் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். பெண்கள் வீதியில் இறங்கினர். 1993ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதியிலிருந்தே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எயிட்ஸைக் குறிக்கும் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆய்வுகூடம் தானாகக் கண்டு திருந்திய பிழை அன்று இது.

புற்றாகும் முன்னரே திரிபைக் கண்டறியும் வழியை ஜோர்ஜ் பப்பனிக்கொலாவு 1940களிலேயே உலகுக்கு வழங்கியிருந்தார். செல்வ நாடுகள் அவரின் பெயரால் வழங்கும் பப் பரிசோதனையைப் பரவலாக்கித் தம் பெண்களைக் காத்துக்கொண்டன. தென்னாபிரிக்கா 2000ஆம் ஆண்டில் வகுத்த கொள்கை, முப்பது வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒன்றாக, வாழ்நாளில் மூன்று இலவசப் பரிசோதனைகளை உறுதியளித்தது. எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்ணுக்கு இது போதாது என்பது வெளிப்படை. 2017ஆம் ஆண்டின் கொள்கை, தொற்றுக் கண்டறியப்பட்டபோதும் அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் பரிசோதித்தல் வேண்டும் எனத் திருத்தியது.

இத்திருத்தம் வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் சொற்களைச் சற்று ஊன்றி நோக்குவோம். 'தொற்றுக் கண்டறியப்பட்டபோது' என்னும் தொடர் யாரை நினைத்து எழுதப்பட்டது? வளர்ந்தபின் தொற்றுண்டு, ஒருநாள் இரத்தப் பரிசோதனையில் அதனை அறியும் பெண்ணையே. தொட்டிலில் கிடந்தபோதே தொற்றுக் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு அத்தொடர் எந்த வயதைக் குறிக்கும்? விதி எழுதியவர் கொடியவர் அல்லர். அவர் மனக்கண்ணில் அப்பெண் தோன்றவில்லை என்பதே உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்களுக்கு 25 வயதிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வைரசுப் பரிசோதனை வேண்டும் என்றது. அமெரிக்க வழிகாட்டிகளோ 21 வயதைத் தொடக்கமாகக் கொள்கின்றன. மிக இளம் வயதில் தோன்றும் திரிபுகள் பல தாமே மறைவதால், அவசரப்பட்டு வெட்டிச் சிகிச்சை செய்தால் பின்னர் பிள்ளைப்பேற்றுக்கு ஊறு நேரலாம் என்னும் நியாயமும் இதில் உண்டு. எந்த வயது கொள்ளப்படினும், பிறந்த நாள் முதல் எதிர்ப்புச் சக்தி தாக்கப்பட்டவளின் இருபது வயதும், பத்தொன்பதில் தொற்றுண்டவளின் இருபது வயதும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

நான்காம் வகுப்பு என்னும் எல்லை

பப்பிலோமாத் தடுப்பூசி முதன்முதல் 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. தென்னாபிரிக்காவில் 2008ஆம் ஆண்டில் அது பதிவு பெற்றது. ஆயினும் தனியார் வைத்தியரிடம் பணம் கொடுத்து வாங்க இயன்றோருக்கே அது கிட்டிற்று. 2014ஆம் ஆண்டில், ஆரன் மொற்சோலெடி சுகாதார அமைச்சராக இருந்தபோது, அரசாங்கப் பாடசாலைகளில் நான்காம் வகுப்பில் பயிலும் ஒன்பது வயது நிரம்பிய சிறுமியருக்கு அது இலவசமாக வழங்கப்படலாயிற்று. முதற் சுற்றிலேயே 3,50,000க்கும் மேற்பட்ட சிறுமியர் ஊசி பெற்றனர். கரடுமுரடான பாதைகளிலே குளிர்ப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு மலைக்கிராமப் பாடசாலைகளுக்கும் சென்ற தாதியரின் உழைப்பு போற்றுதற்குரியது. ஏழை நாடுகளில் இத்தகைய திட்டம் அரிது.

ஆனால் ஒரு சிறு கணக்கை நாம் போட்டுப் பார்த்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டில் நான்காம் வகுப்பில் இருந்த சிறுமி பெரும்பாலும் 2004ஆம் ஆண்டளவில் பிறந்தவள். மருந்து மறுக்கப்பட்ட காலத்தில் தொற்றுடன் பிறந்து பிழைத்தவளோ அப்போது ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இருந்தாள். அல்லது பாடசாலையை விட்டே நீங்கியிருந்தாள். அந்த எல்லைக் கோட்டுக்கு அப்பால், ஆறு மடங்கு அபாயமுடைய அவள் நின்றாள். பிறந்தபோது ஒரு வேளை மருந்து அவளுக்கு மறுக்கப்பட்டது. வளர்ந்தபோது ஊசி அவளுக்குச் சில வகுப்புகளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவளுடைய தம்பியோ தமையனோ, ஆணாகப் பிறந்ததனால், கணக்கிலேயே சேரவில்லை. வைரசு உடலுட் புகுமுன் போடப்படும் ஊசியே முழுப் பயன் தரும் என்பதால், ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் திரும்பப் பெற இயலாத இழப்பாயிற்று.

ஊசியின் எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆரோக்கியமான சிறுமியருக்கு இரண்டு ஊசி போதும் என 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் ஒரே ஊசியும் போதும் என்றது. இவ்விரு வேளையிலும் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு விதிவிலக்கு வகுக்கப்பட்டது. அவர்களுக்குக் குறைந்தது இரண்டும், இயன்றவிடத்து மூன்றும் வேண்டும் என்பதே இன்றைய பரிந்துரை. ஏனையோருக்கு ஊசி குறையக் குறைய, தொற்றுடைய பிள்ளையின் தேவை தனித்து நிற்கின்றது. வகுப்பறையில் வரிசையாக நிற்கும் நாற்பது சிறுமியருள் எவளுக்கு மேலும் ஊசி வேண்டும் எனத் தாதி கேட்க முடியுமா? கேட்டலாகாது. தன் நிலையை வெளியிடுமாறு எந்தப் பிள்ளையும் வற்புறுத்தப்படலாகாது என்பது 1999ஆம் ஆண்டின் பாடசாலைக் கொள்கை பெற்றுத் தந்த உரிமை. எனவே எஞ்சிய ஊசியை அவள் மாத்திரைக்குச் செல்லும் சிகிச்சை நிலையமே வழங்குதல் வேண்டும். பாடசாலையும் நிலையமும் ஒன்றையொன்று நோக்காது இயங்கும்போது, இரண்டுக்கும் இடையே வீழ்பவள் அவளே.

ஈரல் அழற்சியின் பீ வகைக்கு எதிரான ஊசியும் இவ்வாறே சிந்திக்கத்தக்கது. 1995ஆம் ஆண்டு முதல் தென்னாபிரிக்கச் சிசுக்கள் யாவருக்கும் அது வழங்கப்படுகின்றது. பதிவேட்டின்படி இவ்விளைஞர் அதனைப் பெற்றவர்களே. ஆனால் சிகிச்சையின்றி நலிந்திருந்த சிசுவின் உடல் ஊசிக்கு ஏற்ற எதிர்ப்பை உண்டாக்காதிருக்கலாம், உண்டாக்கியதும் தேய்ந்திருக்கலாம். பாலுறவின் வழியும் பரவும் அந்நோய்க்கு எதிராக அவர்கள் இன்று உண்மையில் காக்கப்பட்டுள்ளனரா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை கூறிவிடும். காப்பு இல்லையெனின் ஊசியை மீண்டும் போடலாம். பதிவேட்டிலுள்ள அடையாளத்தைக் கண்டு திருப்தியுற்றால் அப்பரிசோதனையை எவரும் கேட்கப்போவதில்லை.

சட்டமும் மௌனமும்

சிபிலிசு, கொனோரியா, கிளமீடியா ஆகிய தொற்றுகளைப் பொறுத்தவரை, தென்னாபிரிக்கா 1990களில் அறிகுறி கண்டு சிகிச்சை செய்யும் முறையைக் கைக்கொண்டது. ஆய்வுகூட வசதி குன்றிய நாட்டில் அது நியாயமான முறையே. ஆனால் பெண்களில் இத்தொற்றுகள் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. குறையொன்றும் சொல்லாத பெண்ணைப் பரிசோதித்தால் அன்றி அவை வெளிப்படா. அவை கவனியாது விடப்பட்டால் கருவுறும் ஆற்றலையும் அழிக்கக்கூடும். வைத்திய நிலையத்துக்கு வந்து இரத்தம் கொடுத்துச் செல்லும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இவற்றுக்கான பரிசோதனையைச் செய்வது பெருங்காரியம் அன்று. வேண்டுவது, அவர்களும் காதலிக்கும் மனிதர் என்பதை ஏற்கும் மனமே.

அம்மனத்துக்குச் சட்டமே ஒருகாலத்தில் தடையாக நின்றது. 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பன்னிரண்டு வயது நிரம்பிய, விளங்கிக்கொள்ளும் பக்குவமுடைய பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் அளிக்கலாம் என்றது. 2007ஆம் ஆண்டின் பாலியற் குற்றச் சட்டமோ, பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டோர் தமக்குள் மனமொத்துக் கொள்ளும் உறவையும் குற்றமாக்கியது. அதனை அறிந்தவர் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும் எனவும் விதித்தது. ஒரு சட்டம் பிள்ளையை வைத்தியரிடம் வா என்றது. மற்றச் சட்டம் வந்தால் காட்டிக்கொடுப்பேன் என்றது. 2013ஆம் ஆண்டு ஒற்றோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. 2015ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டிலுள்ள சட்டம் திருந்திய அளவுக்கு, வைத்திய நிலையத்தின் முன்வரிசையில் பாடசாலைச் சீருடையுடன் அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்கும் பார்வை திருந்திவிட்டதெனக் கூறுதல் இயலாது.

இவ்விளைஞரிடம் நெடுங்காலம் மறைக்கப்பட்ட இன்னோர் உண்மையும் உண்டு. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருப்பின், பாலுறவின் வழியாக அது மற்றவருக்குச் செல்லாது. 2010களில் வெளிவந்த பெரும் ஆய்வுகள் இதனை ஐயமற நிறுவியுள்ளன. தன்னை ஒரு நஞ்சுப் பாத்திரமாக எண்ணிக் கூசி வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. அச்சத்தினால் பணியவைக்கப்பட்டவரிலும், இவ்வுண்மையை அறிந்தவரே மருந்தை விரும்பி உட்கொள்வர், பரிசோதனைக்கும் தாமே வருவர்.

வரலாறு கூறுவது

பொலேலாவிலிருந்து நாம் கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்க்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. விஞ்ஞானம் ஒவ்வொரு முறையும் கருவியைச் செய்து கொடுத்தது. அக்கருவி எவர் கைக்குச் செல்லும் என்பதை நிலமும் கூலியும் நிறமும் பாலும் வயதுமே தீர்மானித்தன. பட்டியலில் இல்லாதோர் பட்டியலுள் நுழைந்தது, அவர்களும் அவர்களைச் சார்ந்தோரும் ஒன்றுதிரண்டு கேட்டபோதே. நியூயோர்க் பெண்கள் கேட்டனர். கேப்டவுன் சேரியின் தாய்மார் கேட்டனர். பதினொரு வயதுச் சிறுவன் கேட்டான். தொற்றுடன் பிறந்த இளைஞர் இப்போது தாமே தம் குரலில் பேசத் தொடங்கியுள்ளனர். அவர்கள் கேட்பது இரக்கத்தை அன்று. ஒரே நிலையத்தில், ஒரே நாளில், கேலிப் பார்வையின்றி, மாத்திரையும் ஊசியும் பரிசோதனையும் விளக்கமும் தங்களுக்குக் கிடைத்தல் வேண்டும் என்பதே.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் செல்வதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. 2017ஆம் ஆண்டிலிருந்து ஆறாந் தரச் சிறுமியருக்குப் பப்பிலோமாத் தடுப்பூசி வழங்கும் திட்டம் நம் பாடசாலைகளில் தொடங்கிற்று. இவை நம் இலவச சுகாதார சேவையும் இலவசக் கல்வியும் ஈன்ற பெருமைகள். ஆயினும் 2016ஆம் ஆண்டில், தொற்றே இல்லாத ஒரு சிறுவனைத் தொற்றுடையவன் என்னும் வதந்தியை நம்பிப் பாடசாலைகள் ஏற்க மறுத்ததும் இதே நாட்டில்தான். நிகோசி ஜோன்சனுக்கு நேர்ந்தது பத்தொன்பது ஆண்டுகளின் பின் இங்கு நேர்ந்தது. ஊசி கடல் கடந்து வந்துவிட்டது. அறிவு இன்னும் கரையேறவில்லை.

நாம் ஆசிரியத் தொழில் புரிவோர். ஊசி போடும் நாளில் மாணவியரை வரிசையில் நிறுத்துகின்றோம். சம்மதப் படிவங்களைச் சேர்த்துக் கொடுக்கின்றோம். 'இது எதற்கு, ரீச்சர்?' என்று ஒருத்தி கேட்கும்போது, 'புற்றுநோய் வராமலிருக்க' என்று மட்டும் கூறி அடுத்தவளை அழைக்கின்றோம். அவ்விடை பொய்யன்று. ஆனால் அது பாதி விடை. மறுபாதியைச் சொல்ல நமக்கு நாவெழுவதில்லை. பொலேலாவின் பாட்டிமாருக்கு அச்சம் இருந்தது, அறியாமையும் இருந்தது. நம்முடைய மௌனத்துக்கு அவ்விரண்டில் எதனை நாம் காரணமாகக் காட்டுவது?

பிள்ளை கேட்ட கேள்விக்கு முழு விடை அளிக்கும் நாளிலேயே, எந்தப் பிள்ளையும் வளரப்போகின்ற பிள்ளையே என்பதை நாம் உண்மையாக ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம்.